கலாநிதி ஆனந்த குமாரசுவாமி: கற்களை ஆராய்ந்த காலம்



ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரை நீங்கள் சித்திர பாடத்திலோ வரலாற்றுப் பாடத்திலோ கண்டிருப்பீர்கள். நடராசர் திருவுருவத்தின் உட்பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கியவர், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதியவர் என்று இரண்டு வரி எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அவர் கலையைத் தொடுவதற்கு முன்னர் கல்லைத் தொட்டவர். இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதலாவது பணிப்பாளராக இருந்தவர். அவருடைய வாழ்வின் இந்த முற்பகுதியே இப்பாடத்தில் சற்று விரிவாகக் கூறப்படுகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

காரைதீவில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு மாணவன் பழைய துணியில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டுவந்தான். இரண்டு கையிலும் ஏந்தும் அளவு, கறுப்பு நிறம், நல்ல பாரம். காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டது. அவனுடைய தகப்பனார் வயல் வரம்பில் கண்டெடுத்தாராம். அது வானத்திலிருந்து விழுந்த விண்கல் என்றும், பல இலட்சம் பெறும் என்றும், ஆனால் கொழும்பில் சோதித்துச் சான்றிதழ் எடுப்பதற்கு முற்பணம் வேண்டும் என்றும் யாரோ ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாயாரின் காப்பை அடகு வைப்பதா இல்லையா என்பதுதான் அந்த வீட்டில் அப்போது பேச்சு. நான் கலைப் பட்டதாரி. கற்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆயினும் குமாரசுவாமியின் வரலாற்றைப் படித்திருந்தபடியால், அடகுக்கடைக்குப் போக முன்னர் இரண்டு நாள் பொறுக்கும்படி சொல்லி அனுப்பினேன். அந்தக் கல்லுக்குப் பின்னர் வருவோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. இவர் சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை 1863 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். பிள்ளையின் பெயரில் நடுவில் வரும் கெண்டிஷ் என்பது அந்த ஊரின் நினைவாக வந்ததே. 1879 இல் தந்தையார் காலமானபோது ஆனந்தருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாயுடன் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். தந்தையின் முகமே நினைவில் இல்லாத பிள்ளை, தந்தையின் நாட்டைக் கற்களின் வழியாக அறியத் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. விடைத்தாள்களில் தந்தையையும் மகனையும் மாற்றி எழுதுவோர் பலர். சேர் பொன்னம்பலம் இராமநாதனையும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தையும் ஆனந்தரின் சகோதரர் என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் முத்துக்குமாரசுவாமியின் சகோதரியுடைய பிள்ளைகள். ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர்.

இங்கிலாந்தில் வைக்ளிஃப் கல்லூரியில் கற்றபின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.  1902 இல் எதெல் பார்ட்ரிஜ் என்ற பெண்மணியை மணந்து, அவருடன் இலங்கையில் தங்கி வேலையைத் தொடங்கினார். 1903 இல் கனிப்பொருள் அளவை அமைக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்றைய புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் தொடக்கம் அதுவே.

கந்தோரில் இருந்து செய்யும் வேலை அன்று அது. ஊர் ஊராகப் போய் முகாமிட்டு, ஆற்றுப்படுக்கையிலும் மலைச்சரிவிலும் கல் உடைத்து, எடுத்த இடத்தைக் குறித்துப் பெயரிட்டுக் கட்டி வைக்க வேண்டும் என்று அவர் அதை மாற்றிக்கொண்டார். மனைவியும் புகைப்படக் கருவியுடன் கூடவே சென்றார். கண்டிக்கு அண்மையில் கங்கப்பிட்டிய என்னும் இடத்தில் எடுத்த நீலம் படர்ந்த ஒரு கனிப்பொருள் எந்தப் பட்டியலிலும் அடங்காததாக இருந்தது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த பிரையர் என்பவருடன் சேர்ந்து அதை ஆராய்ந்து, 1903 இல் புதிய கனிப்பொருள் என அறிவித்தார். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் என்பதிலிருந்து அதற்கு செரண்டிபைற்று என்று பெயர் சூட்டினர். நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் முதியவர்களுக்குப் பழக்கமான அந்தப் பெயர் உலகக் கனிப்பொருட் பட்டியலில் ஏறியது இப்படித்தான்.

இந்தப் பிரையரை மறந்துவிடாதீர்கள். விண்கற்களை ஆராய்வோர் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 1916 இல் விண்கற்களின் இரும்புக்கும் நிக்கலுக்கும் உள்ள தொடர்பை விதியாக வகுத்தவர் அவர். ஒரு விண்கல்லில் உலோக இரும்பு குறையக் குறைய, அந்த இரும்பில் நிக்கலின் வீதம் கூடும் என்பது அதன் சாரம். 1923 இல் உலகின் விண்கற்களுக்கெல்லாம் ஒரு பட்டியலையும் தொகுத்து வெளியிட்டார்.

நிக்கல் ஏன் அவ்வளவு முக்கியம்? 1798 டிசம்பர் 19 ஆம் திகதி இரவு இந்தியாவில் காசிக்கு அருகே வானில் பெரும் ஒளி தோன்றி, இடிமுழக்கம் போன்ற ஓசையுடன் கற்கள் விழுந்தன. அந்தக் கற்களில் சில இலண்டனுக்குப் போயின. எட்வேர்ட் ஹவார்ட் என்ற இரசாயன அறிஞர் அவற்றை வேறு நாடுகளில் விழுந்த கற்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து 1802 இல் முடிவை வெளியிட்டார். வெவ்வேறு நாட்டில் விழுந்த கற்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவற்றின் இரும்பில் நிக்கல் இருந்தது. அதுவரை வானத்திலிருந்து கல் விழும் என்பதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிய அறிஞர் பலர் அதன் பின்னர் மனம் மாறத் தொடங்கினர். கொல்லன் பட்டறை இரும்பில் நிக்கல் அவ்வாறு கலந்திருப்பதில்லை. விண்கல்லின் உலோகத்திலோ பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் இருக்கும்.

இனி குமாரசுவாமியின் பெயரை உலகறியச் செய்த கல்லுக்கு வருவோம். சப்ரகமுவவில் பலாங்கொடைப் பக்கம் இரத்தினக்கல் அகழ்வோர் இல்லம் எனப்படும் சரளை மண்ணைக் கூடையில் இட்டு நீரில் அரிப்பார்கள். பாரம் குறைந்தவை நீரோடு போய்விடும். பாரமானவை கூடையின் அடியில் தங்கும். அப்படித் தங்கியவற்றுள் சிறு சிறு கறுப்புக் கனவுருப் பளிங்குகள் இருந்தன. அவை வியப்பூட்டும் அளவு பாரமானவை. இரத்தினக்கல் அல்ல என்பதால் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. 1904 இல் குமாரசுவாமி அவற்றை எடுத்துப் பார்த்தார். நிறம், பாரம், பளிங்கின் வடிவம் மூன்றும் யுரேனியத்தின் தாதுவான யுரேனினைற்றுக்கு ஒத்திருந்தன. ஆகவே யுரேனினைற்று என்றே அவர் கொண்டார்.

அது தவறு.

ஆனால் அவர் தமது கருத்தை அறிவித்ததோடு நில்லாமல் மாதிரிகளை இலண்டன் இம்பீரியல் நிறுவகத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே விண்டம் டன்ஸ்டன் என்பவர் இரசாயனப் பகுப்புச் செய்தபோது கல்லில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தோரியம் ஒட்சைட்டு இருப்பது தெரிந்தது. யுரேனியம் சிறு பங்கே. அதுவரை உலகம் அறியாத புதிய கனிப்பொருள் அது. டன்ஸ்டன் அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார். கண்டெடுத்து முதலில் விவரித்தவர் என்ற பெருமை குமாரசுவாமிக்கு. பெயர் சூட்டியவர் என்ற பெருமை டன்ஸ்டனுக்கு. பல நூல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் குமாரசுவாமியின் கணக்கில் எழுதிவிடுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. தேர்ந்த கண்ணும் ஏமாறும் என்பதையும், ஏமாந்ததை ஆய்வுகூடம் திருத்தும் என்பதையும் அவரது வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் புகழுரைதான்.

அக்காலத்தில் தோரியத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் முன்னர் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கை உங்கள் பாட்டன்மாரிடம் கேட்டுப்பாருங்கள். அதில் கட்டும் வெள்ளை வலைப்பை தோரியச் சேர்வையில் தோய்த்துச் செய்யப்பட்டது. ஐரோப்பாவின் வாயு விளக்குகள் அதே முறையில்தான் எரிந்தன. இலங்கைத் தோரியனைற்றைக் கொண்டு இலண்டனில் ஆய்வு செய்த ஜேர்மனிய இளைஞர் ஒட்டோ ஹான் 1905 இல் ரேடியோதோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான் இவர். பலாங்கொடைச் சேற்றில் எறியப்பட்டுக் கிடந்த கறுப்புக் கல் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

தோரியனைற்றை நான் இங்கு விரித்துச் சொல்வதற்கு வேறொரு நோக்கமும் உண்டு. அது கறுப்பு, சாதாரண கல்லைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரம். ஆனால் விண்கல் அல்ல. பாரம் மட்டும் பார்த்து முடிவு கட்டுவோர் அதைக் கண்டால் என்ன சொல்வார்கள்? காந்தம் மட்டும் பார்த்து முடிவு கட்டுவோருக்கு நமது கடற்கரையே போதும். அலை வந்து திரும்பும் இடத்தில் மணலில் கறுப்புக் கோடுகள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதில் உரசினால் மயிர் போலச் சில துகள்கள் ஒட்டும். அவை மகனற்றைற்று முதலிய இரும்புத் தாதுக்கள். புல்மோட்டையில் அகழும் இல்மனைற்றும் இந்தக் கறுப்பு மணல் வகையே. அவை எல்லாம் நமது மலைகளின் பாறை சிதைந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தவை. வானத்துக்கும் அவற்றுக்கும் உறவில்லை.

மூன்றாவது வகை மனிதன் செய்த கல். இதைக் கிட்டம் என்பார்கள். இரும்புத் தாதுவை உலையில் கரியோடு சேர்த்து எரிக்கும்போது இரும்பு பிரிய, எஞ்சிய அழுக்கு உருகி வழிந்து இறுகுவதே இரும்புக் கிட்டம். குமாரசுவாமிக்கு இதுவும் நன்கு தெரிந்த பொருள். அவர் சப்ரகமுவவில் அலைந்த காலத்தில் அங்கே பழைய முறையில் இரும்பு உருக்குவோர் ஒரு சிலரே மிஞ்சியிருந்தனர். கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பு அவர்களின் உலையை அணைத்துவிட்டது. ஹத்தரபாகே என்ற ஊரில் இரும்பு உருக்குவதையும், அலுத்நுவரவில் மண் குகையில் இட்டு உருக்கு செய்வதையும் அவர் ஒவ்வொரு படியாகப் பார்த்து எழுதி வைத்தார். தோல் போர்த்த இரண்டு துருத்திகளின் மேல் ஒருவர் நின்று மாறி மாறிக் காலால் மிதிப்பார். காற்று உலைக்குள் பாயும். அந்தத் தொழிலாளரின் கையில் இருந்த அறிவு அவர்களோடு மறைந்துபோக இருந்த வேளையில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். கல்லைத் தேடிப் போனவர் தொழிலாளரைக் கண்டு நின்றுவிட்டார் என்றே நான் எண்ணுகிறேன். அவரது வாழ்வு கலைப்பக்கம் திரும்பிய இடம் இதுதான்.

நமது நாட்டில் இரும்பு உருக்குதல் மிகப் பழையது. சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளின் எச்சங்களை 1990களில் தொல்லியலாளர் ஆராய்ந்தனர். அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அத்தகைய இடங்களில் கிட்டம் குவியலாகக் கிடக்கும். ஊர்க் கொல்லன் பட்டறையும் கிட்டம் போடும். ஆகவே வயலிலோ வளவிலோ கிடைக்கும் கறுப்புக் கல் விண்கல்லாக இருப்பதைவிடக் கிட்டமாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

இப்போது மாணவன் கொண்டுவந்த கல்லுக்கு வருவோம். பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம், 540 கிராம். விளிம்புவரை நீர் நிரப்பிய வாளியில் நூலில் கட்டி அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தோம்; 180 மில்லிலீற்றர். 540 ஐ 180 ஆல் வகுத்தால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 3 கிராம். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் செய்யும் அதே கணக்குத்தான். நமது கருங்கல் ஏறத்தாழ 2.7. மகனற்றைற்று 5.2. சாதாரண விண்கற்கள் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை. இரும்பு விண்கல் 7 இலிருந்து 8 வரை. மூன்று என்ற விடை மகனற்றைற்றையும் இரும்பு விண்கல்லையும் விலக்கியது. கிட்டத்தையோ கல் வகை விண்கல்லையோ முற்றாக விலக்கவில்லை.

அடுத்து அதை மினுக்கமில்லாத ஓட்டின் பின்புறத்தில் உரசினோம். மகனற்றைற்றாயின் கறுப்புக் கோடும், ஹேமற்றைற்றாயின் செங்காவிக் கோடும் விழும். விண்கல் பொதுவாகக் கோடு விடாது. விட்டாலும் மங்கலாகவே இருக்கும். இந்தக் கல்லும் தெளிவான கோடு விடவில்லை. மாணவனின் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது.

பின்னர் வெயிலில் வைத்துக் கைவில்லையால் பார்த்தோம். விண்கல் வானில் எரிந்து வரும்போது அதன் மேற்பரப்பு மட்டும் உருகி, முட்டைக்கோது போல மெல்லிய கறுப்புத் தோல் படியும். மாவில் பெருவிரலை அழுத்தியது போன்ற ஆழமில்லாத குழிகளும் சிலவற்றில் இருக்கும். தோல் பெயர்ந்த இடத்தில் உள்ளே வெளிறிய நிறமும், அங்கங்கே உலோகப் புள்ளிகளும், மணி போன்ற சிறு உருண்டைகளும் தெரியும். இந்தக் கல்லிலோ உடைந்த பக்கம் கண்ணாடி போல மினுங்கியது. குண்டூசித் தலையளவு துளைகள் நிறைய இருந்தன. உருகிய குழம்பு இறுகும்போது வாயு வெளியேறிய துளைகள் அவை. விண்கல்லில் அத்தகைய துளைகள் இருப்பது மிக மிக அரிது. காந்தமும் ஒரு பக்கம் மட்டுமே வலுவாக ஒட்டியது. இரும்பு அங்கே தேங்கியிருந்தது. அது கிட்டம். அந்த வயலின் வரம்பை உயர்த்துவதற்குக் கொட்டிய மண் பழைய கொல்லன் பட்டறை வளவிலிருந்து வந்தது என்று தகப்பனார் பின்னர் விசாரித்து அறிந்தார். காப்பு கையிலேயே இருந்தது.

நாங்கள் செய்ததில் ஒரு பிழை உண்டு. அதை நீங்கள் செய்ய வேண்டாம். காந்தத்தைக் கல்லோடு ஒட்ட வைத்தோம். உண்மையான விண்கல்லாக இருந்தால், வலிய காந்தம் பட்டதும் அதில் ஆதியிலிருந்து பதிந்திருக்கும் காந்தத் தடயம் அழிந்துவிடும் என்று இன்று ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். சிறு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, கல்லின் அருகே கொண்டுபோய், சாய்கிறதா என்று பார்த்தால் போதும். எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதிக்கொள்ளுங்கள். உடைக்க வேண்டாம். இத்தனையும் தாண்டி ஐயம் தீராவிட்டால்தான் நிக்கல் சோதனை. அது ஆய்வுகூடத்தின் வேலை. முற்பணம் கேட்பவரிடம் கொடுக்காமல் மேலே சொன்ன பணியகத்திடமோ பல்கலைக்கழகப் புவிச்சரிதவியற் பிரிவிடமோ காட்டுங்கள்.

இலங்கையில் இந்தத் தடுமாற்றம் புதிதன்று. 1795 இல் முல்லைத்தீவில் கல் விழுந்ததாகப் பழைய விண்கற் பட்டியல்களில் ஒரு பதிவு உண்டு. அது ஐயத்துக்குரியது என்றே குறிக்கப்பட்டுள்ளது. 2012 டிசம்பர் இறுதியில் பொலன்னறுவைப் பகுதியில் தீப்பந்து கண்டதாகவும் கற்கள் விழுந்ததாகவும் செய்தி வந்தது. அக்கற்களில் வேற்றுலக உயிரின் சுவடு உண்டு என்று 2013 இல் சில ஆய்வாளர் எழுதினர். அவை விண்கற்கள் என்பதையே வேறு அறிஞர் பலர் ஏற்கவில்லை.

குமாரசுவாமி 1906 இல் கனிப்பொருள் அளவையை விட்டு விலகினார். இலங்கைப் புவிச்சரிதவியல் ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது. ஊர் ஊராகத் திரட்டிய குறிப்புகளும் மனைவி எடுத்த புகைப்படங்களும் சேர்ந்து 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற நூலாயின. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய பழைய அச்சியந்திரத்தில் அதை அச்சிட்டார். இரும்பு உருக்குவோர் பற்றிய குறிப்புகள் அந்நூலில்தான் உள்ளன. இரும்புத் தொழில் கலை நூலில் ஏன் வந்தது என்று கேட்கக்கூடாது. அவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1918 இல் சிவ நடனம் என்ற கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. அங்கும் ஒரு சிலையைக் கையில் எடுத்தால் எங்கே செய்யப்பட்டது, எக்காலத்தது, எதனால் ஆனது என்று ஒவ்வொன்றாகத் தேடியே பெயர் எழுதினார். 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தில் காலமானார்.

அதே 1947 இல், யூலை 19 ஆம் திகதி, நமது காரைதீவு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் மறைந்தார். அவரும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் நூலில் பழந்தமிழர் இசையைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். இருவரையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும்படி வினா வந்தால் ஆண்டுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குமாரசுவாமி பிறந்தது 1877, விபுலாநந்தர் பிறந்தது 1892.

அந்தக் கிட்டத்தை மாணவன் திரும்பக் கேட்கவில்லை. வகுப்புக் கதவு காற்றில் அடிபடாதிருக்க அது அடைகல்லாகக் கிடக்கிறது. அடர்த்தி பாடம் வரும் வாரத்தில் மட்டும் எடுத்து நிறுக்கிறோம்.